கரமனைக்காரர் கேட்ட அவகாசம்

1

நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது என்பதை வெளிநாட்டவர் அலுவலகம்தான் ஞாபகப்படுத்தியது. தங்கும் அனுமதி முடியப்போகிறது, இன்னின்ன காகிதங்களோடு நேரில் வரவும் என்று கடிதம் வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். தெற்கு ஜெர்மனியில் நடுத்தர அளவில் ஒரு ஊர் இது. பெயரைச் சொன்னால் உங்களுக்கு வாயில் நுழையாது. இத்தனை காலம் ஆகியும் எனக்கே சரியாக நுழையவில்லை. வரிசைச் சீட்டோடு காத்திருந்து உள்ளே போனால், மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு காகிதத்தைத் திருப்பித் தந்தார். வீட்டுக்காரர் தந்த சான்றில் கையெழுத்து இருக்கிறது, அதற்குக் கீழே பெயர் இல்லை. இது யார் போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விகளுக்குப் பதில் தேடியே இங்கே என் ஆயுளில் பாதி போகிறது.

அசதியோடு வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் அதே கேள்வி அங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தது.

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பகலில் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் நிரல்களைச் சோதிக்கிறேன். அது சோற்றுக்கு. சாயங்காலம் சில நண்பர்களோடு சேர்ந்து, சம்பளம் இல்லாமல், பொதுவுக்கு ஒரு நிரல் எழுதுகிறோம். அது எதற்கு என்று கேட்காதீர்கள், என் கணவரே கேட்டு அலுத்துவிட்டார். தொண்ணூறுகளில் நம்மூரில் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு கணினியில் கல்யாணப் பத்திரிகையாக இருப்பது இன்னொன்றில் கோழி கிளறிய குப்பை மாதிரி தெரியும். அப்படிக் கிடக்கும் தமிழையும் மலையாளத்தையும் எல்லாக் கணினியும் படிக்கக்கூடிய பொதுக் குறிமுறைக்கு மாற்றுவதுதான் எங்கள் நிரலின் வேலை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். அப்படிச் செய்கிறவர் அதே சலுகையை அடுத்தவருக்கும் தர வேண்டும். இதைத்தான் எங்கள் உரிமம் சொல்கிறது.

இலவச இயங்குதளம் ஒன்றை வெளியிடும் குழு, தங்கள் அடுத்த வெளியீட்டு வட்டில் எங்கள் நிரலையும் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தது. சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்பாகப் படித்துப் பார்க்க அவர்களிடம் ரைனர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் எழுதியிருந்தார்: 'உங்கள் கோப்புகளில் ஒன்றின் தலையில் இப்படி இருக்கிறது: இலவசமாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது, ஹரிஹரன், ஜெயா, திருவனந்தபுரம். விற்கலாம் என்கிறது உங்கள் உரிமம். கூடாது என்கிறது இந்தக் கோப்பு. எது உண்மை? இவர்கள் இருவரும் யார்?'

கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவைப் பாத்திரக்கடையில் வாடகைக்கு வைத்த மாதிரி ஆகிவிட்டது எங்கள் நிலைமை. கொடுத்தவர் வாடகைக்கு விடாதே என்று அண்டாவிலேயே பொறித்திருக்கிறார். ஆரம்பித்த நாளில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. ஊரெல்லாம் சுற்றிய ஒரு பிளாப்பியிலிருந்து வந்த கோப்பு அது. யாரோ சேர்த்தார்கள், வேலை செய்தது, விட்டுவிட்டோம்.

இவர்கள் யார் என்று எங்கள் குழுவில் எனக்கு மட்டும் தெரியும்.

2

பழவங்காடியில் கணபதி கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியில், கணினி அச்சுக்கோப்பு நிலையம் ஒன்றில் நான் ஜெர்மனி வரும்வரை வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோயில் நோட்டீஸ். பாதி தமிழ், பாதி மலையாளம். சர்க்கார் ஆபீசில் கணக்கு அதிகாரியாக இருந்த ஹரிஹரன் சார், ஆபீஸ் விட்டதும் அங்கே வருவார். நிரல் எழுதுவது அவருக்குச் சீட்டாட்டம் மாதிரி. கீழே யாராவது வேண்டுதலுக்காக நேர்ச்சைத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டால்தான் நிரலை ஓட்டிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால் காத்திருப்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், அவருக்கு இல்லை.

அவர் வீடு கரமனை அக்ரஹாரத்தில். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் பேச்சு வேறு. நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா சாலைக் கடைவீதியில் கணக்கு எழுதினார். எங்கள் தமிழில் மலையாளம் எத்தனை பங்கு என்று எங்களுக்கே தெரியாது. அவருடையதோ வீட்டுக்குள் பூட்டிவைத்த பழைய தமிழ்.

ஜெயா அவருடைய மகள். அப்போது எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத பெண், அப்பாவும் மகளும்தான் வீடு. அந்த நிரலில் கஷ்டமான பாகம் அவள் எழுதியது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறதல்லவா, பொதுக் குறிமுறையில் ககரம் முதலில் வர வேண்டும், கொம்பு அதற்குப் பின்னால். 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இந்தக் கொம்புகளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நடும் வேலையை அவள் செய்தாள். கடைக்காரர் ஒருவர் அந்த பிளாப்பியைப் பிரதியெடுத்து விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் 'விற்கக் கூடாது' என்ற வரியைச் சேர்த்ததும் அவள்தான். வித்தா விக்கட்டுமே, நாலு பேருக்குப் போறதோல்லியோ என்பார் சார். கூடாது என்பாள் இவள். மாடி முழுக்கக் கேட்கும்படி சண்டை போடுவார்கள். வேலை முடிந்து ஒரே பஸ்ஸில் கரமனைக்குப் போவார்கள்.

பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். கரமனைக்காரர்கள் யாராவது ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

3

சாரிடம் பேசும் வேலையை பைஜு ஏற்றுக்கொண்டான். எங்கள் குழுவில் திருவனந்தபுரத்திலேயே இருப்பவன் அவன், கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை, என்னை சேச்சி என்பான், அக்கா என்று அர்த்தம். அன்றைக்கு நான் கையெழுத்துக்குக் கீழே பெயர் எழுதி வாங்க வீட்டுக்காரர் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை டிராமில் உட்கார்ந்து, முந்திய இரவு அச்செடுத்து வைத்த குழுவின் மடல்களைப் படித்தேன். பைஜு எழுதியிருந்தது: 'மூல ஆசிரியரிடம் பேசினேன். அவர் கொஞ்சம் உரிமை கேட்கிறார். எவ்வளவு என்று சொல்லவில்லை.'

அதற்குக் கீழே பல நாட்டிலிருந்தும் பதில்கள். வக்கீலைப் பார்ப்போம் என்று ஒருவர். நிரலுக்குக் கொஞ்சம் பெயர் வந்ததும் பங்கு கேட்க ஆள் வந்துவிடும் என்று இன்னொருவர். கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பலர்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் ஒரு டீக்குக்கூடப் பிறத்தியாரைக் காசு கொடுக்க விடாதவர். அவரா பங்கு கேட்பார்? கேட்டாலும் 'கொஞ்சம் உரிமை' என்று யாராவது கேட்பார்களா? கொஞ்சம் சர்க்கரை கேட்கலாம். கொஞ்சம் இடம் கேட்கலாம். அப்படியே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாரின் குரலிலேயே அந்த வாக்கியம் காதில் விழுந்தது. நேக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்.

டிராமில் தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனார்.

தமிழில் அவகாசம் என்றால் நேரம், உங்களுக்குத் தெரியும். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. சொத்துரிமையும் அவகாசம்தான், தகவல் கேட்கும் உரிமையும் அவகாசம்தான். திருவனந்தபுரத்துத் தமிழர்களில் நாங்கள் எல்லாம் 'டைம்' என்றோ 'சமயம்' என்றோ சொல்லிவிட்டுப் போவோம். அவகாசம் கேட்பதற்கு அக்ரஹாரத்துத் தெருக்களில்தான் ஆள் உண்டு. கம்பெனி வாசலில் நின்றுகொண்டே பைஜுவைக் கூப்பிட்டேன்.

"சேச்சி, சார் அவகாசம் வேணும்னு தன்னெயாண் பறஞ்ஞது," என்றான். "ஞான் நல்லவண்ணம் கேட்டதல்லே." தன் காதால் நன்றாகக் கேட்டதாகச் சாதித்தான்.

"எந்த பாஷையில சொன்னாரு?"

"தமிழில். சாரினு தமிழில் பறஞ்ஞா மதி, எனிக்கு மனசிலாகும்னு ஞான் தன்னெயாண் பறஞ்ஞது. ஞான் தமிழ் சினிமா ஒக்கெ காணுன்ன ஆளல்லே." தமிழ் சினிமா பார்க்கிறவன், அதனால் தமிழிலேயே பேசுங்கள், புரியும் என்று இவனே சொல்லியிருக்கிறான்.

"அவரு கேட்டது டைம், பைஜு. கொறச்சு சமயம்."

குழுவுக்கு எழுதிய மடல்தான் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

"ஞான் லிஸ்டில் எழுதிப்போயல்லோ, சேச்சி," என்றான்.

4

சார் அந்த மடல்களைப் பார்க்கிறவர் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அன்று சாயங்காலம் நானே அவரைக் கூப்பிட்டேன். இடையில் எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், நான் நேற்றுத்தான் மாடியிறங்கிப் போன மாதிரி பேசினார்.

"பைஜுன்னு ஒரு பையன் கூப்ட்டான். தமிழ்லயே பேசலாம்னான். நல்ல மாதிரியாப் பேசினான். அப்பறம் ஒரு விவரமும் காணோம்."

"அவன் தப்பா மனசிலாக்கிட்டான் சார். அத நான் பாத்துக்கிடுகேன். ஒங்க ஃபைலுக்கு ஒரு சம்மதம் வேணும். விக்கப்படாதுங்கற வரிய எடுத்துட்டு, எங்க லைசென்ஸ்ல தர்றேன்னு ஒரு வரி எழுதுனா போதும்."

"என் பேர் மட்டும் இருந்தா இந்த நிமிஷம் எழுதித் தருவேன். அந்த வரி ஜெயா எழுதினது. கொம்பு மாத்தற பாகமும் அவ எழுதினதாக்கும். அவ சம்மதம் இல்லாம நான் எப்படித் தரது?"

சட்டப்படி சரி. எழுதியவர் ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரைனர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"அப்போ ஜெயாகிட்ட நான் கேக்கட்டா சார்?"

"வேண்டாம்." "நீ கேட்டா ஒரு நிமிஷத்துல தந்துடுவா. நான் கேக்கணும்னு நெனைக்கறேன். அதுக்குத்தான் அவகாசம் கேட்டேன்."

அப்புறம் அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் கிளம்பி வந்த பிறகு நடந்தது. கூடப் படித்த ஸ்டீபன் என்பவனை ஜெயா ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். பொன்முடி மலையடியில் வித்துரா என்ற ஊர்க்காரன், புராட்டஸ்டண்ட் குடும்பம். சார் சம்மதிக்கவில்லை, போகவும் இல்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. அவள் இப்போது வித்துராவில்தான் இருக்கிறாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி வகுப்பு எடுக்கிறாள். பேத்தி ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேள்வி.

"கோபமெல்லாம் எப்பவோ போயாச்சு," என்றார். "போகணும்னு தோணறது. போய் என்னன்னு சொல்றது? சும்மா வந்தேன்னு எப்படி நிக்கறது, இத்தனை வருஷம் கழிச்சு? இப்போ ஒரு கார்யம் வந்திருக்கு. கார்யமா வந்தேன்னு சொல்லலாமோல்லியோ."

நான் கடல் தாண்டி இருக்கிறேன். ஊருக்குப் போக விடுப்பு, டிக்கெட், தங்கும் அனுமதி, மகளின் பள்ளிக்கூடம் என்று எனக்கு ஆயிரம் தடை. கரமனையிலிருந்து வித்துராவுக்குப் பஸ் இருக்கிறது. அந்த தூரத்துக்கும் ஒரு மனிதருக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.

5

பைஜு குழுவில் திருத்தம் எழுதி, மன்னிப்பும் கேட்டான். அவர் பங்கு கேட்கவில்லை, நேரம்தான் கேட்டார் என்றதும் எல்லோரும் சமாதானமானார்கள். ஆனால் நேரம் இல்லை என்றார்கள். வட்டுக்குக் கோப்புகளை ஒப்படைக்க ரைனரின் குழு ஒரு கெடு வைத்திருந்தது. செய்த தப்புக்குப் பரிகாரமாக, கொம்புக் கோப்பை இரண்டே நாளில் நானே புதிதாக எழுதித் தருகிறேன் என்று பைஜு முன்வந்தான். நல்ல யோசனை என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

நியாயமாக நானும் கை தட்டியிருக்க வேண்டும். இந்த நிரலை வட்டில் ஏற்ற அலைந்து அலைந்து ஓய்ந்து போயிருந்தவள் நான். யாராவது முடித்துவைத்தால் போதும் என்று இருந்தது. ஆனால் பைஜு எழுதி முடித்துவிட்டால் சார் வித்துராவுக்குப் போகக் காரியம் இருக்காது. இதைக் குழுவில் சொல்ல முடியுமா? ஒரு குடும்பத்தின் துக்கத்தை உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுத முடியாது.

ஆகவே எனக்கு இந்த நாடு கற்றுத் தந்த வித்தையைக் கையில் எடுத்தேன். ஒரு காரியத்தை நிறுத்த மறுக்க வேண்டியதில்லை, இன்னும் ஒரு காகிதம் கேட்டால் போதும். நான் எழுதினேன்: பைஜு பழைய கோப்பைப் படித்தவன். படித்தவன் எழுதினால் அது புதிது ஆகுமா, பழையதின் பிரதி ஆகுமா? பழையதைப் பார்க்கவே பார்க்காத ஒருவர், நிரல் என்ன செய்ய வேண்டும் என்ற விவரக் குறிப்பை மட்டும் வைத்து எழுத வேண்டாமா? அப்படியானால் அந்த விவரக் குறிப்பை எழுதுவது யார்? அவர் எதைப் பார்த்து எழுதுவார்?

கேள்விகள் எல்லாம் நியாயமானவை, அதுதான் அவற்றின் அழகு. ரைனர் அன்றே பதில் போட்டார். மிக முக்கியமான விஷயம், இதைப் பொறுப்போடு எழுப்பியதற்கு நன்றி, விவரக் குறிப்பைத் தானே மொழி இலக்கணத்திலிருந்து தயாரிப்பதாகவும், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றும், இந்த ஒரு கோப்புக்கு மட்டும் கெடுவைத் தள்ளி வைப்பதாகவும் எழுதியிருந்தார். மற்றவர்கள் என்னை மனதுக்குள் திட்டினார்கள், சிலர் வெளிப்படையாகவே திட்டினார்கள். பைஜு தனியாகக் கேட்டான். "சேச்சிக்கு எந்து பற்றி?"

என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை.

6

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கல்லில் முதல் தோசையை ஊற்றிய நேரத்தில், சாரிடமிருந்து மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். பின்னால் பஸ் சத்தம்.

"நெடுமங்காடு வரைக்கும் வந்துட்டேன்," என்றார். "இங்கேர்ந்து வேற பஸ் மாறணும். அது நின்னுண்டுதான் இருக்கு. நான் ஏறலை."

"ஏறுங்க சார்."

"ஏறலாம். அவகிட்ட என்ன வார்த்தை சொல்லிக் கேக்கணும்னு சொல்லு. அனுமதியா, சம்மதமா? சரியாக் கேக்கணுமோல்லியோ."

"சம்மதம்னு கேளுங்க சார். அது போதும்."

நடத்துநர் எங்கேயோ போகிற பஸ்ஸின் பெயரைக் கூவுவது கேட்டது.

"நான் அவளுக்குத் தராததாக்கும் அது," என்றார். "தராதவன் போய் எந்த மொகத்தோட கேக்கறது, மீனாட்சி?"

தோசை கருகும் வாசனை வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, போங்க சார், போய் நின்னாப் போதும் என்று ஏதோ சொன்னேன். அவர் வைத்துவிட்டார். ஏறினாரா, திரும்பினாரா தெரியாது.

மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த என் மகள் பூரணி, யார் அது, என்ன வேண்டுமாம் என்று ஜெர்மனில் கேட்டாள். சார் அவகாசம் கேட்ட கதையை நான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்படித்தான், அவள் ஒரு பாஷையில் கேட்பாள், நான் ஒரு பாஷையில் சொல்வேன். அவளுக்குத் தமிழ் பேச வரவில்லையா, வந்தும் பிடிக்கவில்லையா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. பயம்தான்.

"அவகாசம்னா ஃப்ரிஸ்ட்டா?" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்துக் கேட்டாள். ஃப்ரிஸ்ட் என்பது இங்கே அலுவலகங்கள் வைக்கும் கெடு. இன்ன தேதிக்குள் வந்தால் உண்டு, தாண்டினால் இல்லை.

"இல்ல, அது வேற," என்றேன். வேறு என்னவென்று ஜெர்மனில் சொல்லத் தேடினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெறும் நேரம் என்று சொல்ல வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அவளோடு பேச நிறைய இருக்கிறது. துவைத்த துணியைக் கொடுக்கும் சாக்கில்தான் இப்போதெல்லாம் அவள் அறைக் கதவைத் தட்டுகிறேன். அன்றைக்குக் கொடுக்கத் துணிகூட இல்லை.

7

மறுநாள் சாரே கூப்பிட்டார். அந்தக் குரலை வைத்தே தெரிந்துவிட்டது, போயிருக்கிறார்.

"கதவைத் தெறந்தா. வாங்கோப்பான்னா. அடுத்த தெருவிலேர்ந்து வந்தவனைச் சொல்ற மாதிரி சொன்னா. டீ போட்டுத் தந்தா. அந்தப் பையன் ஸ்டீபன், மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிண்டு கொழந்தையையும் தூக்கிண்டு போய்ட்டான். நல்ல பையனாக்கும். அப்பறம் நான் கார்யத்தைச் சொன்னேன்."

"தந்தாளா சார்?"

"மாட்டேங்கறா."

நான் திடுக்கிட்டேன். அவர் குரலிலோ வருத்தம் இல்லை.

"விக்கப்படாதுன்னா விக்கப்படாதுதானாம். அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்குமாம். நான் விட்டேனா? நாலு பேருக்குப் போறதை நீ ஏண்டி தடுக்கறேன்னு கேட்டேன். நாலு பேருக்குப் போகட்டும், நடுவுல ஒருத்தன் கல்லாப்பெட்டி எதுக்குன்னா. சாயங்காலம் வரைக்கும் சண்டை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுத்துன்னு ஸ்டீபன் வந்து சொன்னான். இல்லேன்னா இன்னும் போயிருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து கேளுங்கோ, யோசிச்சு வெக்கறேன்னிருக்கா. அவ ஒத்துக்க மாட்டா, கேட்டியா. நேக்குத் தெரியும். ஆனா போகணும்."

போங்க சார் என்றேன்.

குழுவுக்கு நான் எழுத வேண்டியதை எழுதினேன்: இரண்டாவது ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை, இனிக் காத்திருப்பதில் பொருளில்லை. ரைனரின் விவரக் குறிப்பை வைத்து, பழைய கோப்பைப் பார்த்தேயிராத கல்லூரி மாணவி ஒருத்தி கொம்பு மாற்றும் பாகத்தைப் புதிதாக எழுதினாள். பழைய கோப்பை நீக்கும் வேலையை நானே செய்தேன். ஹரிஹரன், ஜெயா, திருவனந்தபுரம் என்ற வரியும் அதோடு போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்று உலகத்தில் எழுதியிருந்த இடம் அது ஒன்றுதான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நிரல் வட்டில் ஏறிவிட்டது.

சாரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் ஒவ்வொரு ஞாயிறும் போனார். திங்கட்கிழமை எனக்கு விவரம் வரும். முதலில் லைசென்ஸ் பற்றிய வாதங்கள் வந்தன. பிறகு வாதங்கள் குறைந்து, பேத்தி என்ன சொன்னாள், ஸ்டீபன் பொன்முடிக்குக் கூட்டிப்போனது, வழியில் பேத்தி வாந்தி எடுத்தது என்று வந்தது. கடைசியில் மட்டும் தவறாமல் ஒரு வாக்கியம் இருக்கும்: "சம்மதம் இன்னும் தரலை. அடுத்த வாரம் கேக்கணும்."

இதற்கு நடுவில் எங்கள் மடற்குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார், வித்துராவிலிருந்து. முதல் மடலே ஒரு திருத்தம். பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதும் 'கெள' என்பதும் ஒரே மாதிரி அடிக்கப்பட்டிருக்கும், புதிய கோப்பு இரண்டையும் குழப்புகிறது, இதோ சரிசெய்த வரிகள் என்று எழுதி, கீழே ஜெயா என்று பெயர். திருத்தம் தருகிறவர் யாராக இருந்தாலும் உரிமத்துக்கு ஒப்புக்கொள்வதாக ஒரு வரி எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அவளும் எழுதியிருந்தாள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்பாவுக்கு வாராவாரம் தர மறுக்கிற அந்தச் சம்மதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அப்புறமும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இல்லாத கோப்புக்காக ஒரு பெரிய மனிதர் வாராவாரம் பஸ் மாறிப் போய்வருகிறார், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கிளம்புகிற நேரம் பார்த்து, இங்கே இன்னும் சரியாக விடிவதற்குள் கூப்பிட்டேன்.

"சார், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஃபைல..."

"எடுத்துட்டேள். தெரியும்," என்றார். "பைஜு அன்னிக்கே சொன்னான்."

சாவி குலுங்கும் சத்தமும், கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டன.

"நீ ஜெயாகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்றார். "அவளுக்குத் தெரியாது."

"சொல்லலை சார்," என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஃபோனை வைத்தார்.